சம்மதத்தில் எவ்வளவு கொழுப்பு?

மாப்பிள்ளையின் தகப்பனார் கோமதிநாயகம் தேங்காய்ப்பால் சொதியில் ஊறிய ஒரு பருக்கையை நாக்கில் வைத்தார். மறுகணம் அவர் முகம் வேப்பங்காயைக் கடித்த ஒட்டகத்தின் முகமானது.

"கசக்கு அண்ணாச்சி. இன்னைக்குள்ள பங்கு காலையிலயே முடிஞ்சிட்டு."

பெண்ணின் தகப்பனார் வீரபாகுவுக்குக் கரண்டியோடு நின்றபடியே தலை சுற்றியது. எந்த நூற்றாண்டு வந்தால் என்ன, தென்காசியில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. மகள் எழிலரசிக்கு இதற்கு முன் வந்தவர்களும் இப்படியே முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனவர்கள்தாம்.

எல்லாம் நாக்காவலியின் வேலை. அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சவ்வு அது. உடல் மெலிய இலவச உணவுத்திட்டம் என்று இணையத்தில் விளம்பரம் வந்ததும், பல் முளைக்காதவர் முதல் பல்செட் கட்டியவர் வரை வரிசையில் நின்று வாயைத் திறந்தார்கள். திட்டத்துக்கு மேல் ஒரு கவளம் போனால் அல்வாவும் எட்டிக்காய்தான். ஒட்டுவது இலவசம், பிய்ப்பது பற்றி விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை. ஊரே ஒட்டடைக்கம்பாக மெலிந்துவிட்டது. ஆடிக்காற்றில் ஆட்கள் குற்றாலம் வரை பறந்துபோய், பேருந்தில் திரும்பி வந்தார்கள்.

வீரபாகு, சவ்வுகளை ஆட்டிவைக்கும் சுவர்ப் பேசுபெட்டியை நோக்கிக் கத்தினார். "ஒரு வாய்தானே கேக்கேன்!"

"தேங்காய்ப்பால். அனுமதி இல்லை. வெந்நீர் பருகலாம்," என்றது நாக்காவலி.

"வெந்நீர்ல கை நனைச்சா கல்யாணம் ஆகுமா? இது சாப்பாடு இல்ல, சம்மதம்! சம்மதத்துல எவ்வளவு கொழுப்பு இருக்கு, சொல்லு பாப்போம்!"

பெட்டி திணறியது. அந்த அளவு அதன் நினைவகத்தில் எங்குமே இல்லை.

"ஏற்கிறேன். சம்பந்தம் பேசும் வீட்டில் உண்பது உணவல்ல, பேச்சுவார்த்தை. திருமணம் உறுதியாகும்வரை கணக்கில் சேராது."

அவ்வளவுதான். இலைகள் அலறின. பானையை வழித்த கோமதிநாயகம் அதற்குள் தலையை விட்டும் பார்த்தார்.

"அப்ப நாள் குறிச்சிருவமா?" என்றார் வீரபாகு.

"என்ன அவசரம்? எங்க அத்தானும் பொண்ணைப் பாக்கணும்லா. வார ஞாயித்துக்கிழமை வாரோம். சொதி உண்டும்லா?"

"கை நனைச்சிட்டீரேவே!"

"அது பேச்சுவார்த்தைன்னு பெட்டியே சொல்லிட்டுல்லா!"

அத்தான் வந்தார். பிறகு அத்தானின் சகலை, ஒரு வேன் நிறைய. சேதி பரவியது. பிள்ளையே இல்லாதவர்களும் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். எண்பது வயதுப் பிரம்மச்சாரி ஒருவர் ஒரே பகலில் நான்கு வீட்டில் பேச்சுவார்த்தை நடத்திவிட்டு, தூக்கிக்கொண்டு போக ஆள் கேட்டார்.

"இவுகள வெரட்டி விடுங்களேன்," என்றாள் வீரபாகுவின் மனைவி சொர்ணம். "எங்க! நீங்களே ரெண்டாவது எலையில்லா போடுதீய!"

அடுக்களையில் எழிலரசியும் மாப்பிள்ளை மதிவாணனும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க அப்பா எப்பதான் சரிம்பாரு?" என்றாள் எழிலரசி.

"தேங்கா தீந்தா சொல்லுவாரு."

"இந்த ஊர்ல தேங்கா தீருமா?"

எழிலரசி துருவியைக் கீழே வைத்தாள்.

அடுத்த ஞாயிறு பந்தி உச்சத்தில் இருந்தது. திடீரென எல்லா வாயும் ஒரே நேரத்தில் கசந்தது.

"வாழ்த்துகள்," என்றது பெட்டி. "எழிலரசிக்கும் மதிவாணனுக்கும் சற்றுமுன் இணையவழிப் பதிவுத் திருமணம் முடிந்தது. பேச்சுவார்த்தை நிறைவு. இதுவரை உண்டதெல்லாம் இனி உணவாகக் கணக்கில் சேரும். இரு வீட்டாருக்கும் அடுத்த ஆடிவரை வெந்நீர்."

"ஏமாத்திட்டாளேவே ஒம்ம மக!" கோமதிநாயகம் இலையிலேயே துப்பினார்.

வீரபாகு துப்பவில்லை. கண்ணில் நீர் வழிய, அந்தக் கசப்பை நிதானமாக மென்று விழுங்கினார். மகளின் கல்யாணச் சாப்பாடு அல்லவா?