இடுப்புயரத்தில் உடைந்த கண்ணாடி

2024 ஜூன் 10, ராயபுரம் கல்மண்டபம். நங்கூரம் மகப்பேறு மருத்துவமனையின் தாழ்வாரச் சுவரில், ஒரு விரிசலுக்குக் குறுக்கே, அது விரிகிறதா என்று பார்க்க ஒட்டியிருந்த ஐந்து கண்ணாடித் துண்டுகளில் மூன்று உடைந்திருந்தன.

அன்று காலை தலைமை நர்ஸ் ஹெப்சிபா, துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற கார்குழலியின் வீட்டுக்கு வந்தார்.

“சுவரு நகர்ந்தாத்தான் கண்ணாடி உடையுமாம். அஸ்திவாரம் எறங்குது, நிலநடுக்கத்தைத் தாங்காதுன்னு ரிப்போர்ட். சரிபண்ண நாலு கோடியாம். இடத்தை வித்துடலாம்னு சாயங்காலம் முடிவெடுக்கப் போறாங்க. கண்டெய்னர் கம்பெனிக்காரன் வந்து அளந்துட்டே போயிட்டான்க்கா. பிரசவத்துக்கு இந்த ஜனங்க எங்க போகும்?”

“அவன்தான் ஒடச்சிருக்கான்!” என்று எழுந்தார் எதிர்வீட்டுத் தவசிமுத்து. கிரேன் ஓட்டியவர், கார்குழலி எங்கே போனாலும் கூடவே போவார். “வா யக்கா, நாலு தட்டு தட்டலாம்.”

“முதல்ல சுவரைத் தட்டிப் பாப்போம், தவசி.”

பிரசவ அறையிலிருந்து வார்டுக்குத் திரும்பும் வளைவில், தரையிலிருந்து கூரைவரை ஓடியது விரிசல். கார்குழலி டேப்பை வைத்து அளந்தார். உடைந்த மூன்றும் இடுப்புயரத்தில் நெருங்கி இருந்தன. முழங்காலருகே ஒன்று, கூரையருகே ஒன்று, இரண்டும் முழுசு. மார்ச் கடைசியில் ஈஸ்டருக்கு அடித்த சுண்ணாம்பு விரிசலை மூடியபடி கீறல் விடாமல் இருந்தது.

“எப்ப உடைஞ்சது?”

“ஒட்டினது ஜனவரியில. ஏப்ரல் பாதிவரைக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் ஒவ்வொண்ணா.”

“இந்த வழியா ட்ராலியை யார் கொண்டுவருவா?”

“ஆயாம்மா முன்னால நின்னு இழுப்பாங்க. புருஷன் வந்திருந்தா அவர்தான் தள்ளணும். எங்க ஆஸ்பத்திரி வழக்கம்க்கா அது.”

கார்குழலி சிரித்துக்கொண்டே விரிசலிலிருந்து இரண்டடி தள்ளி, நல்ல சுவரில், இடுப்புயரத்தில் புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டினார்.

மாலை, மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் செல்வநாதனும் அறிக்கை எழுதிய பொறியாளரும் தாழ்வாரத்தில் நின்றார்கள்.

“சுவர் நகர்ந்திருந்தா சுண்ணாம்பும் பிளந்திருக்கணும்,” என்றார் கார்குழலி. “ஏப்ரல் பதினஞ்சுக்கு இங்க என்ன ஆச்சு?”

“மீன்பிடித் தடைக்காலம்,” என்றார் செல்வநாதன்.

“ஆமா. அதுவரைக்கும் கடல்ல இருந்த அப்பாக்கள் எல்லாம் கரைக்கு வந்துட்டாங்க. அவங்க எப்படித் தள்ளுவாங்கன்னு—”

பிரசவ அறைக் கதவு திறந்தது. அப்போதுதான் அப்பாவான மீனவர் ஜெரி தலையைக் குனிந்து, தோளைக் கொடுத்து, படகைக் கடலில் இறக்குவதுபோல ட்ராலியைத் தள்ளிவந்தார். வளைவில் அதன் முனை சுவரில் இடித்தது, ‘டங்!’

“யோவ்! இன்னா, என்னை மீன்புடி போட்டுன்னு நெனச்சிக்கினியா?” ட்ராலியில் குழந்தையை அணைத்தபடி கத்தினார் மனைவி.

“ஆம்பளப் புள்ள சார்!” என்றார் ஜெரி, எல்லோரையும் பார்த்து.

புதுக் கண்ணாடி உடைந்து கிடந்தது. அதன் பின்னால் விரிசலே இல்லை.

“கம்பெனிக்காரன் தப்பிச்சான்,” என்றார் தவசிமுத்து. பொறியாளர்தான் முதலில் சிரித்தார்.

“நிலநடுக்கத்துக்குத் தூண்களைப் பலப்படுத்தறது வேணும்,” என்றார் கார்குழலி. “அதை விடக்கூடாது. ஆனா அதுக்கு நாலு கோடி ஆகாது.”

அஸ்திவாரத்தைத் தோண்டிச் சோதித்த பொறியாளர், குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார். விற்பனைத் தீர்மானம் கைவிடப்பட்டது. தூண் வேலை ஆகஸ்டில் தொடங்கியது. தாழ்வார வளைவில், படகு இடிபடாமலிருக்கத் துறையில் கட்டுவதைப் போல, ஒரு பழைய டயர் கட்டப்பட்டது.