டிவியில் ஓடிய கல்யாணம்

கல்யாண வீடியோவில் சுரேந்தர் கையில் வாட்ச் கட்டியிருந்தான். அனுப்பிரியா சாப்பாட்டுத் தட்டோடு ஹால் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். கறுப்பு வார் வைத்த அந்த வாட்ச்சை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான், முதல் கல்யாண நாளுக்கு. தாலி கட்டுகிற கையில் அது எப்படி வரும்?

மாமியார் பொன்னாத்தாளுக்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம். பல்லடம் ரோட்டில் லாரி மோதி சுரேந்தர் போனதிலிருந்து அவர் சோபாவை விட்டு எழுவதே குறைந்துபோனது. மகன் முகத்தை ஒருதரம் பெரிசாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீடியோ மாடி அறையில் அவனுடைய கம்ப்யூட்டரில் கிடந்தது. மாடியேற அவருக்கு முழங்கால் விடாது. அனுப்பிரியா டிவியில் செருகுகிற சின்னப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். மாடியில் கம்ப்யூட்டரைப் போட்டு, வீடியோ இருந்த ஃபோல்டரை வீட்டு வைஃபையில் டிவிக்கும் தெரியும்படி வைத்துவிட்டுக் கீழே வந்து ரிமோட்டை அழுத்தினாள். கம்ப்யூட்டருக்கு அவன் வைத்திருந்த பெயர் திரையில் வந்தது: சுரேந்தர்.

அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் தாடை மரத்துக் கிடக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படிக் கிடந்தது.

"அத்தை, இந்த வாட்ச் அப்ப இல்லீங்க."

"எப்பவும் கட்டறதுதானே கண்ணு," என்றார் பொன்னாத்தாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அனுப்பிரியா மாடிக்குப் போய் அதே வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். அங்கே அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு மட்டும் இருந்தது. கீழே வந்தாள். டிவியில் வாட்ச் இருந்தது.

அதன்பிறகு தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் பொன்னாத்தாள் வீடியோவைப் போடச் சொல்வார். பக்கத்து பனியன் கம்பெனியின் ஓவர்லாக் மெஷின்கள் சுவருக்கு அந்தப்பக்கம் விடாமல் இரைந்துகொண்டிருக்க, அயர்ன் டேபிளிலிருந்து நீராவியில் வெந்த துணியின் வாசம் ஜன்னல் வழியே வந்து ஹாலில் தங்க, திரைச்சீலை போட்ட அந்த அரையிருட்டில் இரண்டு பெண்களும் ஒரே கல்யாணத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒருநாள் மாப்பிள்ளைக்குக் கண்ணாடி வந்திருந்தது. இன்னொரு நாள் வேட்டிக்கு மேல் தொப்பை லேசாகத் தள்ளியிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. மேளக்காரர்கள் மாறவில்லை, சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் மாறவில்லை, பட்டுப்புடவையில் தலை குனிந்து சிரிக்கிற அவளும் மாறவில்லை. அவன் மட்டும் மாறினான்.

ஒரு சனிக்கிழமை, மாலைக்கு அடியில் வெளிர்நீலச் சட்டை தெரிந்தது. கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பிய காலையில் அவன் போட்டிருந்த சட்டை. அதன் கழுத்துப் பட்டன் உடைந்துபோய், அவசரத்தில் அவள்தான் வெள்ளை பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அது திரையில் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இதற்கு அடுத்து என்ன என்றும் புரிந்தது.

"இனி இது வேண்டாங்க அத்தை."

"அவன் வந்துட்டு இருக்கறான் கண்ணு," என்றார் பொன்னாத்தாள் நிதானமாக. "பாதி வழியில நிறுத்தப்படாது."

அனுப்பிரியா மாடியேறி கம்ப்யூட்டரை அணைத்தாள். பெட்டியைக் கழற்றி பீரோவில் வைத்தாள். அன்றிரவிலிருந்து பொன்னாத்தாள் சாப்பிடவில்லை. சண்டை போடவில்லை, திட்டவில்லை. தட்டை மட்டும் மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, அணைந்த டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மோரும் இறங்கவில்லை. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, இப்படியே விட்டால் தாங்கமாட்டார் என்று சொல்லிப் போனார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் அனுப்பிரியா மாடியில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு வந்து, பெட்டியை எடுத்து மறுபடி டிவியில் செருகினாள். நியாயமாக அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கை மட்டும் சில்லிட்டிருந்தது.

கம்பெனி லீவு. மெஷின் சத்தமில்லை. நாதஸ்வரம் மட்டும் ஹால் முழுக்க.

வாசலில் சொந்தக்காரர்கள் பன்னீர் தெளிக்கிறார்கள். பந்தியில் இலை போடுகிறார்கள். பிறகு மணவறை.

வெள்ளைத் துணி. மார்புவரை போர்த்தியிருந்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. நெற்றியில் ஒற்றை ரூபாய். மூக்கில் பஞ்சு. கண் மூடியபடியே அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அருமைக்காரர் தாலியை நீட்டினார். அந்தக் கை எழுந்து வாங்கிக்கொண்டது. யாரும் விலகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"லட்சணமா இருக்கறான் பாரு," என்றார் பொன்னாத்தாள். வாயெல்லாம் சிரிப்பு.

மேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது.

கேமரா பெண் பக்கம் திரும்பியது.

பட்டுப்புடவை இல்லை. பச்சை நைட்டி. வெள்ளைப் பூப் போட்டது. மடியில் மஞ்சள் கறை, காலையில் குழம்புக்கு அரைக்கும்போது பட்டது.

அனுப்பிரியா குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

திரையில் பெண் கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். சுரேந்தரின் கை அவள் பிடரிக்குப் பின்னால் போனது. மெதுவாகப் பெண்ணின் முகம் நிமிர்ந்தது. இரண்டு நாசியிலும் பஞ்சு.

ஹாலில் பொன்னாத்தாள் கொளுத்திய ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. புகை அனுப்பிரியாவின் முகத்துக்கு நேராகத்தான் வந்தது. வாசம் வரவில்லை.

கையைத் தூக்கி மூக்கைத் தொட்டுப் பார்க்கலாம். அவள் தூக்கவில்லை. வாயைத் திறந்து, வாயால் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.