செவ்வாயில் ஒரு கறிவேப்பிலைச் சோதனை

செவ்வாய்க் குடியிருப்பில் பசி வயிற்றில் எடுப்பதில்லை; மணிக்கட்டில் எடுக்கும். அங்குள்ள மெலிந்த ஈர்ப்பில் வயிறு தன் வேலையை மறந்துவிட்டதால், தோலுக்கடியில் பொருத்திய பசிமணி வேளாவேளைக்குச் சுருக்கென்று குத்தும். எல்லோரும் எழுந்துபோய்ப் பாசிக்கூழைக் கடனே என்று விழுங்குவார்கள். பாதியை மிச்சம் வைப்பார்கள். ஆளாளுக்கு எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

செண்பகவல்லிக்கு அதைவிடப் பெரிய கவலை. தாவர வேதியியல் படித்த அவள் கண்ணாடிக்கூண்டில் ஐந்து கறிவேப்பிலைச் செடிகளை வளர்த்துவந்தாள். குடியிருப்பை நிர்வகித்த எந்திரமான கணியனுக்கோ அவை தண்ணீர் குடிக்கும் தண்டச்செலவு. மருத்துவப் பயன் நிரூபணமாகாவிட்டால் பிடுங்கிவிட்டுப் பாசித்தொட்டி வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. விதையிலிருந்து வளர்த்தவள் அல்லவா, அவளுக்கு அன்றைக்குத் தூக்கமே போயிற்று.

இலையிலுள்ள கார்பசோல் சேர்மங்கள் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று அவள் வாதாடினாள். ஒரு மாதம் எல்லோருக்கும் கூழில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவது, பிறகு இரத்தத்தைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சமையற்கூடத்துப் பீர்முகமது எண்ணெயைக் காயவைத்து இலையைப் போட்டதும், காற்றுக்குழாய் வழியே வாசனை எல்லா அறைக்கும் போயிற்று.

மாதம் முடிந்ததும் கணியன் இருவரையும் அழைத்தது.

"ஒருவர் இரத்தத்திலும் சொல்லும்படியாகக் கார்பசோல் இல்லை."

"அதெப்படி இல்லாமப் போவும்? நாந்தான அளந்து குடுத்தேன்," என்றாள் செண்பகவல்லி.

"தட்டுகளைப் பாருங்கள்."

சுவரில் படங்கள் ஓடின. வழித்துத் தின்ற தட்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறிவேப்பிலை குவிந்து கிடந்தது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பூமிய விட்டு வந்தும் இந்தப் புத்தி போகலியே. மருந்தப் போயி ஒதுக்கி வைப்பாங்களா?"

"கடைசித் தட்டு உங்களுடையது."

அதில் இலைகள் அழகாக அடுக்கியே வைக்கப்பட்டிருந்தன. பீர்முகமது சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டான்.

"அப்ப பிடுங்கிருவியா?" என்றாள் அவள்.

"தட்டுகளில் கூழ் மிச்சமில்லை. எல்லோருக்கும் எடை கூடியிருக்கிறது. தின்னாத மருந்து எப்படி வேலை செய்தது?"

செண்பகவல்லிக்கே வெட்கமாக இருந்தது. "பினீன், கேரியோஃபிலீன்னு ஆவியாப் போற சங்கதியும் இலையில இருக்கு. அது மூக்குல ஏறிப் பசியக் கெளப்பிருக்கு."

"அப்படியானால் தாளித்தபின் இலையை வடிகட்டிவிடலாம். ஒதுக்கும் சிரமம் மிச்சம்."

மறுநாள் பீர்முகமது அப்படியே வடிகட்டிப் பரிமாறினான். வாசனை இருந்தது, இலை இல்லை. எல்லோரும் கூழைத் துழாவித் துழாவிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா பீரு, இன்னிக்குத் தாளிக்கலியா?"

பாதிக் கூழ் மிஞ்சியது.

கணியனின் கணக்கில் மனிதர்கள் அன்றுதான் முதன்முறையாகப் பிடிபடாமல் போனார்கள். ஆனாலும் அது நியாயமான எந்திரம். செடிகளுக்கு இரட்டிப்புத் தண்ணீர் திறந்துவிட்டது. மருந்துகளின் வரிசையில் கறிவேப்பிலையைச் சேர்த்து, உட்கொள்ளும் முறையையும் எழுதியது:

"சாப்பிடும்போது ஒன்றுவிடாமல் பொறுக்கி, தட்டின் ஓரத்தில் வைக்கவும்."