பெட்டியின் முதுகை அடைத்த பிறகு

கிடாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒலியைப் பெருக்கும் கெயின் திருகை அவ்வளவு தூரம் திருகி வைத்தால் எந்த ஆம்ப்ளிஃபயரும் சும்மா இருக்கும்போதுகூட உஸ்ஸென்று இரையத்தான் செய்யும். ஆனால் அந்த இரைச்சல் திறந்துவிட்ட குழாய் மாதிரி ஒரே சீராக இருக்கும். இது ஏறியது, இறங்கியது, நடுவில் கொஞ்சம் நின்றது, பிறகு மறுபடி ஏறியது. கொசு முழங்காலிட்டு, ஸ்பீக்கர் துணியருகே காதைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் கேட்டான். ஆம்ப்ளிஃபயரில் மாட்டிய புது வால்வு, அந்தக் கண்ணாடிக் குழல், இப்போதுதான் சூடாகிறது போலும் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்தான்.

கொசு என்பது இசைக்குழுவில் வைத்த பெயர். அவனுடைய கிடார் அத்தனை மெலிந்து கேட்குமாம். "மேடையில எல்லாரும் வாசிக்கிறோம், கூடவே ஒரு கொசுவும் சுத்துது" என்று டிரம்மர் ஒத்திகையில் ஒருநாள் சொல்லிவைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எல்லோருடனும் சேர்ந்து அவனும் சிரித்தான்தான். உள்ளுக்குள் எரிந்தது. வேறொரு கிடார்காரனை வரவழைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தபோது சிரிப்பும் போய்விட்டது.

அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் உயிரை வாங்க ஆரம்பித்தான். ஸ்டூலின் மேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டியை இறக்கி, வெறுந்தரையில், இரண்டு சுவர் சேரும் மூலையில் ஒட்டி வைத்தான். மூலையில் வைத்தால் தாழ்ந்த அடி ஒலி இன்னும் கனக்கும். பெட்டியின் பின்பக்கம் திறந்தே இருந்தது. கனம் எல்லாம் அந்த வழியாகக் கசிந்து போகிறது என்று படித்துவிட்டு, தடித்த பிளைவுட் வெட்டி, விளிம்பில் ரப்பர் ஒட்டி, சுற்றிலும் திருகாணி முறுக்கி முதுகை அடைத்தான். உள்ளே நுழையும் ஒலியை முதலில் பெரிதாக்கும் வால்வைக் கழற்றிவிட்டு அதைவிட வலுவான ஒன்றைச் செருகினான். போதாததற்குக் கிடாருக்கும் பெட்டிக்கும் நடுவே காலால் மிதிக்கும் பூஸ்டர் ஒன்று. ஒற்றைக் கம்பியைத் தட்டினால் இப்போது நெஞ்சுக்கூட்டில் இடித்தது. அந்த இடியைக் கேட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு குறைதான். புது வால்வு மைக் மாதிரி ஆகிவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் தலையில் விரலால் தட்டினால் அந்தத் தட்டல் ஸ்பீக்கரில் கேட்டது. டிரம்மரிடம் சொன்னபோது, சில வால்வுக்கு அப்படிக் காது முளைத்துவிடும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாற்று என்றார். மாற்ற மனசு வரவில்லை. இந்த இடி இந்த வால்வால் வந்தது.

அறை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்பு உடைந்த நாற்காலியும் காலி டப்பாக்களும் கிடந்த இடம். ஜன்னல் கிடையாது. சுவரிலும் கூரையிலும் கறுப்பு ஃபோம் ஒட்டி, கதவுக்கு மேல் இன்னொரு பலகை அடித்து, சட்டம் முழுக்க ரப்பர் பட்டை வைத்து, திறந்தால் தானே மூடிக்கொள்ள ஸ்பிரிங்கும் மாட்டியிருந்தான். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் படிக்கட்டில் நிற்பவருக்குக் கேட்காது. அது அவனுக்குப் பெருமையாக இருந்தது. போனைக்கூட உள்ளே கொண்டுவர மாட்டான், வால்வு அதன் சிக்னலையும் பிடித்துக் கொறகொறக்கும்.

வெளியே போனது அடி ஒலி மட்டும்தான். அது சுவர் வழியே ஏறி, மேலே அவர்கள் குடியிருந்த வீட்டுத் தரையைத் தொட்டது. அதை வைத்து மனைவி ஒரு சட்டமே போட்டிருந்தாள். ஒருமுறை அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது மகள் குட்டி கதவைத் தள்ளி எட்டிப் பார்க்க, அந்த ஒலி முகத்தில் அறைந்து குழந்தைக்கு அன்று முழுக்கக் காது கேட்கவில்லை. மனைவி அழுதுகொண்டே அவனைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகுதான் சட்டம். தரை அதிர்ந்தால் அப்பா வாசிக்கிறார், யாரும் கீழே போகக் கூடாது. அதிர்வு நின்றால் போகலாம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிராத குட்டிகூட வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படியில் இறங்குவாள்.

மத்தியானம். சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்திருந்தான். கிடாரைத் தொடாமல் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தவன், பூஸ்டரை மிதித்துவிட்டுக் கெயினை இன்னும் கொஞ்சம் திருகினான். இரைச்சலுக்கு அடியிலிருந்து வேறு ஒலிகள் மெல்ல மேலே வந்தன. டொக் டொக்கென்று ஏதோ ஓடியது. பாத்திரம் ஒன்று தொட்டியில் விழுந்தது. பிறகு, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல, மனைவியின் குரல்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் ஒட்டி வைத்த பெட்டி, சுவர், சுவருக்கு மேலே வீடு! வால்வு மொத்த வீட்டையும் ஒட்டுக்கேட்கிறது. திருட்டுத்தனமாக இருந்தாலும் எழுந்து போக மனம் வரவில்லை. சமையலறையில் மனைவி அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் படுக்கையறையில், கிரேயான் காகிதத்தில் கரகரவென்று தேய்கிற சத்தம். குட்டி படம் வரைகிறாள். கெயினை இன்னும் திருகினான்.

கிரேயானுக்குப் பக்கத்தில் அந்த இரைச்சல் இருந்தது. இரைச்சலல்ல, மூச்சு.

ஏறியது. இறங்கியது. குழந்தையின் மூச்சு அதற்குப் பக்கத்தில் தனியாக, சின்னதாக, வேகவேகமாகக் கேட்டது. இது நீளம். ஆள் மூச்சைவிட நீளம். அது இறங்கும்போதெல்லாம் ஸ்பீக்கருக்குள் அதிரும் காகிதக் கூம்பு முன்னால் வந்தது, அவன் உட்கார்ந்திருந்த தரை லேசாக அதிர்ந்தது.

"இந்தக் கலர் உனக்கு" என்றாள் குட்டி. "அது வேண்டாம். அது என்னோடது."

பொம்மையோடு பேசுகிறாள். அப்படித்தான் நினைத்தான். அப்போது பதில் வந்தது. அது வார்த்தையில்லை. ஒரு சுரம். கிடாரின் கடைசிக் கம்பிக்கும் கீழே, அவன் இத்தனை நாளாகப் பெட்டியிலிருந்து வரவழைக்கப் பாடுபட்ட அதே கனத்தில், நீளமாக. பெட்டியின் மேலிருந்த திருப்புளி நகர்ந்து கீழே விழுந்தது.

குட்டி சிரித்தாள். "மெல்ல. அம்மா இருக்காங்க" என்றாள்.

சமையலறைப் பக்கம் மனைவியின் குரல் அலுத்துக்கொண்டது. "இப்பக்கூட அதிருது பாரு. கொசு கீழ வாசிக்குது. கேளுக்கா, நேத்து ஊருக்குள்ள வேலை இருக்குன்னு கிளம்பிப் போனான். ஆனா மத்தியானம் பூரா தரை அதிர்ந்துட்டே இருந்துச்சு. என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

நேற்று அவன் ஊருக்குள்தான் இருந்தான். ஆம்ப்ளிஃபயர் அணைந்து கிடந்தது.

பாய்ந்து போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். இத்தனை நாள் அதிர்வில் அதன் திருகாணி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. முறுக்க வேண்டும் முறுக்க வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தான். பதற்றத்தில் இழுத்த வேகத்துக்குக் கைப்பிடி கழுத்தோடு உடைந்து கையில் வந்துவிட்டது. மிச்சம் தகட்டுக்குள் அமிழ்ந்து நின்றது. குறடு வைத்தான், பிடி கிடைக்காமல் வழுக்கியது. திருப்புளியால் நெம்பினான், அது நழுவி உள்ளங்கையைக் கிழித்தது. வெளியிலிருந்து யாராவது திறந்தால் சுலபமாகத் திறக்கும்.

கத்தினான். மனைவியைப் பெயர் சொல்லிக் கத்தினான். ஃபோம் அத்தனையும் குடித்தது. கதவைத் தோளால் இடித்தான், ரப்பர் பட்டை அதையும் வாங்கிக்கொண்டது. எத்தனை கவனமாக ஒட்டியிருந்தான்! ஒரு பொட்டு இடைவெளி விடவில்லை. கத்திக் கத்திக் கடைசியில் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

பின்னால் ஸ்பீக்கரில் கிரேயான் தேய்ந்துகொண்டே இருந்தது.

"உள்ளயே இரு" என்றாள் குட்டி, ரகசியமாக. "கட்டிலுக்கு அடியில. காலை மடக்கு. இன்னும் மடக்கு."

ஏதோ இழுபட்டது. நீளமாக.

மனைவி ஏன் கீழே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தரை அதிர்கிறது. அதிர்கிறவரை அவன் வாசிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான் என்பது அவள் கணக்கு. இந்தப் பெட்டியும் அதிர வைக்கிறது, மேலே இருக்கிற அதுவும் அதிர வைக்கிறது. பெட்டியை அணைத்தால் பாதி அதிர்வாவது நிற்கும். நின்றால் அவள் வருவாள். ஆனால் அணைத்துவிட்டால் குட்டியைக் கேட்க முடியாது. சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். குழந்தையின் அந்தச் சின்ன மூச்சை விட்டு விரல் நகர மறுத்தது.

அணைத்தான். நம்பிக்கையில்லாமல் பிளக்கையும் பிடுங்கினான்.

நிசப்தம். தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அதிர்வே இல்லை. மேலே இருந்ததும் அடங்கிவிட்டிருந்தது, அதுவும் எதற்கோ காத்திருப்பது போல. பெட்டியின் அருகிலேயே, சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். இப்போது கவனித்திருப்பாள். போனை வைத்திருப்பாள். குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள். தனியாக விட்டுவிட்டு வரமாட்டாள். வரமாட்டாள் அல்லவா? எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை, அவனுக்கு அழுகை வந்தது.

கதவு திறந்தது.

படிக்கட்டின் வெளிச்சம். அதில் மனைவி. இடுப்பில் யாரும் இல்லை.

"என்னப்பா, இன்னைக்கு அதுக்குள்ள முடிஞ்சுதா?"

கதவைப் பிடி என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்று வந்தது. எழுந்தான். கால் மரத்திருந்தது. அவள் பார்வை அவன் முகத்திலிருந்து கைக்கு இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம்.

"ஐயோ, கையில என்ன?"

கதவை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவன் அவளைத் தாண்டிப் பாய்ந்தான். ஸ்பிரிங் தன் வேலையைச் செய்தது. விரல்நுனி பலகையைத் தொட்டபோது ரப்பர் ரப்பரோடு சேர்ந்துவிட்டது. உடைந்த கைப்பிடி தரையில் கிடந்ததை அவளும் அப்போது பார்த்தாள்.

"குட்டி எங்க?" உதடு மட்டும் அசைந்தது.

"மேலதான். படம் வரைஞ்சுட்டிருக்கா. ஏன் இப்படி நடுங்குற? என்ன ஆச்சு?"

பிளக் தரையில் கிடந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. ஆனாலும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மெல்ல முன்னால் வந்தது.

"அம்மா கீழ போயிட்டாங்க" என்றது குட்டியின் குரல், அறை முழுக்க, தெளிவாக. "இப்ப வெளிய வா."

மனைவி அவன் கையை விட்டாள். மெதுவாகத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

மரம் முறியும் சத்தம். கட்டில். பிறகு ஏதோ நிமிர்ந்தது. நிமிர்ந்துகொண்டே இருந்தது. அவர்களுடைய தலைக்கு மேலே ஒரு காலடி விழுந்தது. கூரை ஃபோமிலிருந்து கறுப்புத் தூள் உதிர்ந்து அவள் கூந்தலில் படிந்தது. இன்னொரு அடி. மறுபடி தூள்.

அதற்குப் பக்கத்தில், அதற்கு ஈடுகொடுக்க ஓடியோடி, சின்ன வெறுங்கால்கள்.

அவள் கத்திக்கொண்டே கதவை அறைந்தாள். அவனும் அறைந்தான். கூரையில் அந்த அடிகள் நிதானமாகக் கூடத்தைக் கடந்தன. ஸ்பீக்கரில் வாசற்கதவின் தாழ்ப்பாள் விலகியது, வெளிக்காற்று உள்ளே வந்தது, "செருப்பு போட்டுக்கட்டுமா?" என்று குட்டி அதனிடம் கேட்டாள்.