மாடியில் நடப்பவள்

யாரோ மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்கள்.

பட்டப்பகல். வாசற்கதவு பூட்டியிருந்தது. அந்த வீட்டில் டீச்சரைத் தவிர ஈ காக்கை கிடையாது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். சமையலறைச் சுவருக்குப் பின்னால் வளைந்து போகும் படி அது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பார்ப்பதற்குள் சத்தம் மேலே போய்விட்டது. படியில் தூசி கலையாமல் கிடந்தது.

தூசியைவிட அவளை உறுத்தியது அந்தக் காலடி. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள் அவள். முதுகைத் திருப்பி நின்றாலும் எவள் ஓடுகிறாள், எவள் ஏமாற்றி நடக்கிறாள் என்று காலடியை வைத்தே சொல்லிவிடுவாள். சற்றுமுன் ஏறியவளின் இடது குதிகால் வலதைவிட ஒரு பிடி அழுத்தமாக விழுந்தது. இளவயதில் ஓட்டப்பந்தயத்தில் கணுக்கால் முறிந்து, கூடியபின் அப்படி நடந்தவள் ஒருத்திதான். அவளேதான்.

அந்த நடை இப்போது அவளிடம் இல்லை. முழங்கால் சவ்வு தேய்ந்து, மாடி ஏறுவதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. "வயசாச்சுல்ல டீச்சர், அப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். முழங்காலைக் கேட்டால் வயசு, கண்ணைக் கேட்டால் வயசு, ராத்திரி தூக்கமில்லை என்றால் அதற்கும் வயசு. இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? தேய்ந்தது, கழன்றது, கரைந்ததெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு பயலும் சொல்லமாட்டேன் என்கிறான். பழைய பாத்திரத்துக்குக்கூட வாங்கிப்போக ஓர் ஆள் வருகிறான்.

அடுத்த வாரம் ரொட்டியைக் கடித்தபோது கடைவாய்ப் பல் ஒன்று வலியே இல்லாமல் கையில் வந்து விழுந்தது. அன்று சாயங்காலம் மேலே யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. மொறுமொறுவென்று எதையோ நிதானமாக, ருசித்து, அரைத்து அரைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மகனிடம் போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "மேல ஏதோ சத்தம் கேக்குதுப்பா."

"எலியா இருக்கும்."

"எலி இல்ல."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அம்மா, சொன்னா கோவிச்சுக்காத. தனியா இருந்து இருந்து உனக்கு மனசு என்னமோ ஆகுது. நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். நீ நல்லா நடமாடிட்டு இருந்தா சரி, இல்லன்னா கிளம்பிட வேண்டியதுதான்."

"எலிதாம்ப்பா. நான்தான் ஏதோ உளறிட்டேன்" என்றாள் அவசரமாக. வாயைத் திறந்தால் பைத்தியம் என்பான். திறக்காவிட்டால் மேலே இருப்பதோடு கிடக்க வேண்டும். இந்த வீட்டின் செங்கல் ஒவ்வொன்றும் அவள் வெயிலில் நின்று விசில் ஊதிச் சம்பாதித்தது. இதை விட்டு எங்கோ ஒரு கட்டிலில் போய், எவளோ ஊட்டிவிட, வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதா? செத்தாலும் மாட்டாள்.

ஆகவே பயிற்சி செய்தாள். கூடத்தில் சுவரைத் தொடாமல் நடக்கப் பார்த்தாள். அவள் கீழே ஓர் அடி வைத்தால் மேலே ஓர் அடி விழுந்தது. அவள் மூச்சு வாங்கி நின்றால் அது துள்ளி ஓடியது. ராத்திரிகளில் அவள் கண் கொட்டாமல் கிடக்க, மாடியில் ஒருத்தி ஆழ்ந்து உறங்கும் மூச்சு சீராக இறங்கி வந்தது. தைலத்தின் நெடி மூக்கில் ஏறாமல் போன அன்று, மேலே யாரோ எதையோ நெடுநேரம் மோந்து மோந்து பார்த்தார்கள். குரல் கம்மிக் காற்றாகிப்போன காலையில், மைதானமே அதிர அவள் போட்டுவந்த அந்தச் சத்தம் மாடியிலிருந்து வந்தது.

"முதுக நிமித்து! நேரா நில்லு!"

பாழாய்ப்போன முதுகு, சொன்னபடி நிமிரப் பார்த்தது.

பிறகு, சனிக்கிழமை, எல்லாம் அடங்கியது. காலடி இல்லை. மெல்லும் சத்தம் இல்லை. அப்பாடா, தொலைந்தது சனியன் என்று டீச்சருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நாளைக்கு மகன் வந்தால் நிமிர்ந்து நின்று பேசலாம். முகம் கழுவச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது.

சத்தமே இல்லை.

தட்டை எடுத்துத் தரையில் போட்டாள். அது சுழன்று சுழன்று ஓய்ந்தது. அதற்கும் சத்தமில்லை.

அப்படியானால் மேலே இருந்தது அடங்கவில்லை. அவளுக்குத்தான் கேட்கவில்லை. அது இப்போது எங்கே நிற்கிறது? மாடியிலா? படியிலா? முதுகுக்குப் பின்னாலா? திரும்பினாள். யாருமில்லை. மறுபடி திரும்பினாள். சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். விடியும்வரை அப்படியே நின்றாள்.

வாசற்கதவு திறந்தது. மகன். தன்னிடமிருந்த சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். அவள் சுவரை விட்டுவிட்டு, உயிரைக் கொடுத்து ஓர் அடி வைத்தாள். பார்த்தியாடா, நடக்கிறேன் பார். சொல்ல நினைத்தாள். காற்றுதான் வந்தது.

அவன் அவளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். ஏதோ கேட்கப்போனான். சட்டென்று படியின் பக்கம் தலையைத் திருப்பினான். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் முகம் மலர்ந்தது. அவளைப் பார்த்து அப்படி மலர்ந்து எத்தனை வருஷமாகிறது!

மைதானத்தின் அந்தக் கோடியில் பிள்ளைகள் முணுமுணுப்பதை உதட்டைப் பார்த்தே படித்தவள் அவள். மகனின் உதட்டைப் படித்தாள்.

"என்னம்மா, மாடியெல்லாம் ஏறி இறங்கற! நான் என்னமோன்னு பயந்துட்டேன்." பிறகு கையை இவள் பக்கம் நீட்டினான். "இவங்க யாரு?"

படியில் இறங்கி வந்தது. இரண்டிரண்டாக. நிமிர்ந்த முதுகு. வாய் நிறையப் பல். அதன் உதட்டையும் படித்தாள்.

"தெரியலப்பா. பாவம், ரொம்ப வயசானவங்க."

மகன் அதன் தோளில் கை போட்டான். அது அவனைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தது. கண் மட்டும் அதற்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை போலிருந்தது. இமைகளை இடுக்கிக்கொண்டு, டீச்சரின் முகத்துக்கு நேராக மெல்லக் குனிந்து, அவள் கண்களையே பார்த்தது.