அழித்தும் காலியாகாத இடம்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்த வேண்டாம், வெளிச்சம் வரட்டும். பட்டப்பகலில் நடந்த கதைதான்; ஆனாலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே கேளுங்கள்.

நேற்றுவரை பாதி காலியாக இருந்த சிஸ்டம் பார்ட்டிஷன், அதாவது கணினி எழுதிவைக்கும் இடம், இன்று மத்தியானம் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. சின்ன மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளம். அங்கிருந்த அந்த லினக்ஸ் கணினிதான் நோயாளிகளின் அழைப்பு மணிகளை ஓட்டியது. ஒவ்வோர் அழைப்பையும் எழுதிவைத்த பிறகே மாடியில் மணி அடிக்கும். எழுத இடமில்லையென்றால் மணியும் இல்லை. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் கீபோர்டை அவசரமாக இழுத்துக்கொண்டாள், ஏனென்றால் மூன்றாம் அறையில் படுத்திருந்தது அவளுடைய அப்பா. தொண்டையில் அறுவை செய்து குரலே இல்லை. சளி அடைத்தால் தலைமாட்டுப் பொத்தான்தான் அவருக்கு வாய்.

மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய தூசியின் வாடைக்கும் நடுவே அவள் பழைய அப்டேட்களையும் தற்காலிகக் கோப்புகளையும் அழித்தாள். கிடைத்த இடமெல்லாம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ உறிஞ்சிக் குடித்ததுபோல் மறைந்தது.

இன்டர்காமில் மாடி நர்ஸ் கூப்பிட்டாள். “என்ன கம்ப்யூட்டரம்மா, அரை மணி நேரமா ஒரு மணியும் அடிக்கல. எல்லாருக்கும் ஒரேயடியா குணமாயிடுச்சா?”

“கிண்டல் பண்ணாதீங்க சிஸ்டர். அப்பாவ ஒரு கண்ணு பாத்துக்கங்க.”

“நல்லா தூங்குறாரு. நீங்க பதறாம வேலையப் பாருங்க.”

பதறத்தான் செய்தாள். எல்லாவற்றிலும் பெரிய கோப்பு, மணி அழைப்புகள் பதிவாகும் லாக். திறந்துகூடப் பார்க்காமல் அழித்தாள்.

அப்போதும் நூறு சதவீதம்.

நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பிடித்துவைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். பிடி விடும்வரை இடம் காலியாகாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லித்தரும் முதல் பாடம். மணி புரோகிராமை நிறுத்தித் தொடங்க வேண்டும். அதற்குமுன், அதன் பிடியில் இன்னும் கிடந்த அந்தக் கோப்பின் கடைசி வரிகளை எட்டிப் பார்த்தாள்.

அறை 9. அறை 9. அறை 9. நொடிக்கு ஆயிரம் அழைப்பு.

“சிஸ்டர், ஒன்பதுல யாரு?”

“ஒன்பதா? யாருமில்லையே. பெயிண்ட் அடிக்கக் கட்டிலக்கூட வெளிய எடுத்தாச்சு. பூட்டிக் கிடக்கு. அந்த ரூம் மணியையும் நாமதான நிறுத்தி வச்சோம்?”

வயர் எங்கோ உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புரோகிராமை நிறுத்தித் தொடங்கினாள். நாற்பத்தெட்டு சதவீதம். மூச்சு வந்தது. மின்விசிறிகளும் அடங்கின. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

புதிய லாக். ஒரே ஒரு வரி.

அறை 9.

பிறகு, அறை 8.

“எட்டுல அடிச்சுது, ஓடினேன். ஆள் குறட்டை விடுறாரு.”

அறை 7.

“இங்கயும் அப்படித்தான். மேடம், விளையாடுறீங்களா?” குரலில் கிண்டல் இல்லை.

அறை 6. அறை 5.

வரிசையாக. ஒவ்வொரு கதவாக.

“சிஸ்டர், மூணுக்குப் போங்க! அப்பாகிட்டப் போங்க!”

சொல்லிவிட்டு அவளும் ஓடினாள். படிகள். மருந்து வாடை. மேலே மணிச் சத்தம், விடாமல். மூன்றாம் அறை வாசலில் சிவப்பு விளக்கு. அதன் கீழே நர்ஸ். உள்ளே போகவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அப்பா விழித்திருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தமில்லை.

அவருடைய இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே. விரல்கள் விரிந்து. அசையாமல்.

போர்வைக்கு அடியிலிருந்து நீண்டிருந்த மூன்றாவது கை, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

அவ்வளவுதான், தங்கங்களே. உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும். கூப்பிடுகிறவரும் உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கட்டும்.