கீழே இருந்த எண்

முற்பகல் 11.10. படகு மாடியைத் தொட்டபோது அப்பா நாற்காலியிலேயே உயிர் விட்டிருந்தார். காலடியில் மகன் உட்கார்ந்திருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மகள் வெள்ளக்கால தொலைமருத்துவ மையத்தில் நர்ஸ். வீடுகளிலிருந்து வரும் அளவுகளைத் திரையில் பார்த்து, யாருக்கு முதல் படகு என்று சொல்வது அவள் வேலை. காலை 6.40க்கு அப்பாவின் ஆக்சிஜன் 97. அதை நம்பித்தான் அவருக்கென நிறுத்தியிருந்த படகை அடுத்த தெருவுக்கு அனுப்பினாள்.

"விடியறதுக்கு முன்னாடியே நுரையீரல் கைவிட்டிருக்கு. 97 வரவே வராது," என்றார் உடலைப் பார்த்த டாக்டர்.

மையத்தில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

பிற்பகல் 2.30. அப்பாவின் வீட்டில், மகளும் அவள் தம்பியும் எதிரே நிற்க, பெண் இன்ஸ்பெக்டர் ஆக்சிஜன் அளக்கும் விரல் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். பழுதில்லை.

"காலையில இதை மாட்டினது யாரு?"

"அப்பாதான்," என்றான் தம்பி.

"மூச்சு வாங்கலையா?"

"எப்பவும்போலத்தான்."

சுவரில் நீச்சல் பதக்கங்கள். "உன்னுதா?"

"ஆமா மேடம். மூச்சு விடாம பேசறது அக்கா, மூச்சை அடக்கறது நான்னு அப்பா கேலி பண்ணுவார்."

மேஜைமேல் ஒரு மருத்துவமனை அட்டை. இன்ஸ்பெக்டர் எடுத்துப் படித்தார். "பேஸ்மேக்கரா, சிஸ்டர்?"

"ஆமா. நெஞ்சுக்குள்ள ஒரு மேஸ்திரி இருக்கான், துடிப்பு அறுபதுக்குக் கீழ போனா எட்டி உதைப்பான்னு சொல்லுவார்."

இன்ஸ்பெக்டர் 6.40 பதிவை நீட்டினார். "எல்லாரும் 97ஐயே பாத்தீங்க. அதுக்குக் கீழ நாடித்துடிப்பு."

52.

"மேஸ்திரி இருக்கிற நெஞ்சு இல்ல இது. நீச்சல்காரனோட துடிப்பு. வீட்டுல இருந்தது ரெண்டே பேர். விரல் உன்னுது."

தம்பி தலை கவிழ்ந்தான்.

"அம்மாவும் போன வெள்ளத்துல படகுலதானேக்கா போனாங்க? திரும்பலையே. 'அளவு குறைஞ்சா என்னையும் தூக்கிட்டுப் போயிடுவாங்கடா, உன் விரலை வை'ன்னு கும்பிட்டார்க்கா. அப்பா என்னைக் கும்பிட்டார்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "சிஸ்டர், உங்க மேல தப்பில்ல."

"அந்த அறுபது மையத்துல எனக்கு மட்டும்தான் தெரியும் மேடம். 97னு பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. கீழ பாக்கல."

தம்பியின் கையை எடுத்தாள். பழக்கம், விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. எண்ணத் தொடங்கினாள். நூறைத் தாண்டியும் நிறுத்தவில்லை.